வீணைப் பதிவில் 'உஸ்' சத்தம்: ப்ரீஆம்ப் வாங்கினால் தீருமா?

கேள்வி: வீட்டில் வீணை வாசித்துப் பதிவு செய்து வெளியூர் மாணவிகளுக்குப் பாடமாக அனுப்புகிறேன். மைக்கைக் கணினியோடு இணைக்கும், இரண்டு மைக் செருகக்கூடிய ஆடியோ இன்டர்ஃபேஸ் ஒன்றும் ஷ்யூர் எஸ்எம்57 மைக்கும் இருக்கின்றன. மைக்கை மூன்றடி தள்ளி வைக்கிறேன். கெயின் (ஒலிப் பெருக்கம்) குமிழைக் கடைசிவரை திருகினால்தான் ஒலி போதுமான அளவுக்கு வருகிறது. கூடவே 'உஸ்' என்ற இரைச்சலும் வருகிறது. கமகம் தேய்ந்து அடங்கும் இடங்களில் அது தெளிவாகக் கேட்கிறது. வால்வு வைத்த ப்ரீஆம்ப் வாங்கினால் சரியாகிவிடும் என்கிறார் கடைக்காரர். 15,000 ரூபாய்க்குள் எதை வாங்கலாம்?
- வாசகி, ஸ்ரீரங்கம்

பதில்: இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள். மைக்கின் மெல்லிய சிக்னலைப் பெருக்குவதுதான் ப்ரீஆம்ப்; உங்கள் இன்டர்ஃபேஸுக்குள்ளேயே அது இருக்கிறது. அதைக் குறை சொல்வதற்கு முன் மைக்கைப் பார்க்க வேண்டும்.

எஸ்எம்57 நல்ல மைக்தான்; 1965 முதல் விற்பனையில் இருக்கிறது. ஆனால் அது டைனமிக் வகை, அதாவது வெளி மின்சாரம் இல்லாமலே இயங்குவது. 94 டெசிபெல் ஒலி அதன்மீது பட்டால் 2 மில்லிவோல்ட்டுக்கும் குறைவான மின்சாரம்தான் வெளியே வரும். அதே ஒலிக்கு ரோட் என்டி1-ஏ போன்ற, வெளி மின்சாரத்தில் இயங்கும் கண்டென்சர் மைக் 25 மில்லிவோல்ட் தருகிறது. கிட்டார் ஆம்ப்ளிஃபயர், டிரம் முன்னால் வைத்தால் எஸ்எம்57 கொடுப்பது தாராளம். வீணை அவ்வளவு உரக்கப் பேசும் வாத்தியம் இல்லை. அதனால்தான் குமிழைக் கடைசிவரை திருக வேண்டியிருக்கிறது.

விலை உயர்ந்த ப்ரீஆம்ப் இந்த இரைச்சலைப் போக்காதா? இங்கே இயற்கையே ஒரு வரம்பு போட்டிருக்கிறது. 150 ஓம் மின்தடையில் வெப்பத்தால் மட்டும் உண்டாகும் இரைச்சல் சுமார் −131 டிபியு (மின்னழுத்தத்தை டெசிபெல்லில் சொல்லும் அளவு; கீழே போகப் போக இரைச்சல் குறைவு). எத்தனை லட்சம் கொடுத்து வாங்கினாலும் எந்தக் கருவியும் இதற்குக் கீழே போக முடியாது. ஒரு ப்ரீஆம்ப்பின் இரைச்சல் இந்த வரம்புக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது என்பதை விவரத்தாளில் 'ஈஐஎன்' (உள்ளீட்டுக்குச் சமமான இரைச்சல்) என்று போட்டிருக்கும் எண் சொல்கிறது. வீட்டுப் பதிவுக்குப் பலரும் வாங்கும் ஃபோக்கஸ்ரைட் ஸ்கார்லெட் மூன்றாம் தலைமுறைக்கு −128, மோட்டு எம்2-க்கு −129 என்று நிறுவனங்களே குறிப்பிடுகின்றன. ஆக, மிச்சமிருப்பது சில டெசிபெல்தான். ஒரு கருவிக்கு −133 என்று போட்டிருந்தால் அதை அதிசயப் பொருள் என்று நினைக்க வேண்டாம். காதுக்கு அதிகம் கேட்காத ஒலிகளைக் குறைத்துக் கணக்கிடும் 'ஏ' எடையிட்டு அளந்தால் எண் ஓரிரு டெசிபெல் அழகாகத் தெரியும். 150 ஓம் மின்தடையை வைக்காமல் உள்ளீட்டைக் கம்பியால் நேரே குறுக்கிணைத்து அளந்தால் இன்னும் அழகாகத் தெரியும். அளந்த முறையைச் சொல்லாத விவரத்தாளை நான் நம்புவதில்லை.

வால்வு விஷயத்துக்கு வருகிறேன். விலை குறைந்த வால்வு ப்ரீஆம்ப்களில் ஒலியைப் பெருக்கும் வேலையைப் பெரும்பாலும் சாதாரண சிப்தான் செய்கிறது. வால்வு அதற்குப் பின்னால், தனக்குரிய மின்னழுத்தத்தில் ஒரு பகுதியை மட்டும் பெற்றுக்கொண்டு, கொஞ்சம் நிறம் சேர்க்கிறது. அந்த நிறம் பிடித்தால் வாங்கலாம். இரைச்சலைக் குறைப்பதற்காக வாங்குவதில் பொருளில்லை. தவிர, அதன் வெளியீட்டை இன்டர்ஃபேஸின் மைக் உள்ளீட்டில் செருகினால் ஒலி இரண்டு ப்ரீஆம்ப்களைக் கடந்து போகும். இரைச்சல் கூடினாலும் வியப்பில்லை. ஏற்கெனவே பெருக்கப்பட்ட ஒலிக்கான லைன் உள்ளீட்டில்தான் செருக வேண்டும்.

செலவில்லாத சோதனை ஒன்று இருக்கிறது. கெயினை இப்போது இருக்கும் இடத்திலேயே விட்டுவிட்டு, மைக்கைக் கனத்த போர்வையில் சுற்றி அலமாரிக்குள் வைத்து ஒரு நிமிடம் பதிவு செய்யுங்கள். இரைச்சல் மாறாமல் இருந்தால் அது மைக்கிலிருந்தோ மின்சுற்றிலிருந்தோ வருகிறது. பெருமளவு குறைந்தால் அது உங்கள் அறையின் சத்தம்: மின்விசிறி, ஃப்ரிட்ஜ், ஜன்னலுக்கு வெளியே தெரு. அறையின் சத்தத்துக்கு எந்த ப்ரீஆம்ப்பிலும் மருந்து கிடையாது.

அடுத்தது மைக் வைக்கும் இடம். மூன்றடியில் இருக்கும் மைக்கை ஒன்றரை அடிக்குக் கொண்டுவந்தால் வீணையின் ஒலி சுமார் 6 டெசிபெல் கூடும். இரைச்சல் இருந்த இடத்திலேயே இருக்கும். லட்ச ரூபாய் ப்ரீஆம்ப்பும் இவ்வளவு ஆதாயம் தராது. குடத்தின் மேற்பலகையை நோக்கிச் சற்றுச் சாய்வாக வையுங்கள். அரை அடிக்கும் நெருங்கிவிட்டால் மந்தர ஸ்தாயி ஊதிப்போய் ஒலிக்கும். சுருதிப்பெட்டியை ஹெட்ஃபோனில் கேட்டுக்கொண்டு வாசித்தால் பதிவில் வீணை மட்டும் தனியாக நிற்கும். தம்பூராவைப் பிறகு வேண்டிய அளவுக்குச் சேர்த்துக்கொள்ளலாம்.

இவ்வளவும் செய்த பிறகும் போதவில்லை என்றால் காசைக் கண்டென்சர் மைக்கில் போடுங்கள். ஆனால் கண்டென்சர் என்ற பெயரைப் பார்த்து மட்டும் எடுத்துவிடாதீர்கள். மைக்குக்கும் சொந்த இரைச்சல் உண்டு. பிரபலமான ஆடியோ-டெக்னிகா ஏடி2020-க்கு அது 20 டெசிபெல். என்டி1-ஏ மைக்குக்கு 5 டெசிபெல். உங்கள் எஸ்எம்57-ஐ −128 டிபியு இன்டர்ஃபேஸில் செருகினால் மொத்த இரைச்சலும் ஏறத்தாழ 20 டெசிபெல் ஒலிக்குச் சமமாகத்தான் வருகிறது. அதாவது ஏடி2020 வாங்கினால் ஒலியின் தன்மை மாறும், குமிழைக் குறைத்து வைக்கலாம். 'உஸ்' அநேகமாக அப்படியே இருக்கும். சொந்த இரைச்சல் 10 டெசிபெல்லுக்குக் கீழ் உள்ள மைக் உங்கள் பட்ஜெட்டில் புதிதாகக் கிடைக்காவிட்டால், நேரில் சோதித்துப் பார்த்துப் பழையதாக வாங்கலாம். கண்டென்சருக்கு 48 வோல்ட் ஃபான்டம் பவர் (மைக் கேபிள் வழியாகவே போகும் மின்சாரம்) தேவை. உங்கள் இன்டர்ஃபேஸில் அந்தப் பொத்தான் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

எஸ்எம்57-தான் வேண்டும் என்றால், மைக்குக்கும் இன்டர்ஃபேஸுக்கும் நடுவே செருகும் சிறிய பூஸ்டர் இருக்கிறது. கிளவுட்லிஃப்டர் 25 டெசிபெல், ஃபெட்ஹெட் 27 டெசிபெல் கூட்டித் தரும். உங்கள் இன்டர்ஃபேஸுக்கு மொத்த கெயினே போதவில்லை என்றால், அல்லது குமிழின் கடைசிப் பகுதியில் இரைச்சல் திடீரென்று ஏறுகிறது என்றால் மட்டும் இது பயன்படும். இன்டர்ஃபேஸையே மாற்றும் எண்ணம் இருந்தால் மொத்த கெயினைப் பாருங்கள். ஸ்கார்லெட் 2ஐ2 மூன்றாம் தலைமுறையில் அது 56 டெசிபெல். 2023இல் வந்த நான்காம் தலைமுறையில் 69.

இன்னொன்று: 24 பிட்டில் பதிவு செய்யும்போது அளவுகாட்டியைச் சிவப்புக்குப் பக்கத்தில் நிறுத்த வேண்டியதில்லை. உச்ச ஒலி −15 டெசிபெல்லைத் தொட்டால் போதும். மிச்சத்தைக் கணினியில் கூட்டிக்கொள்ளலாம்.

கேள்வி: வீணையில் ஒட்டும் கான்டாக்ட் மைக்கை இன்டர்ஃபேஸில் செருகினால் தகரம் போல ஒலிக்கிறது. இதற்காவது ப்ரீஆம்ப் தேவையா?
- வாசகர், மதுரை

பதில்: உங்களுக்குத் தேவைப்படலாம். பியெஸோ வகை (அதிர்வை மின்சாரமாக்கும் சில்லு) கான்டாக்ட் மைக் 10 லட்சம் ஓம் அளவுள்ள உள்ளீட்டை எதிர்பார்க்கிறது. மைக் உள்ளீடுகள் பொதுவாகச் சில ஆயிரம் ஓம்தான். அதில் செருகினால் கீழ் ஸ்தாயி காணாமல் போய்விடும். இன்டர்ஃபேஸில் வாத்தியங்களை நேரே செருகுவதற்கான 'இன்ஸ்ட்' என்ற பொத்தான் இருந்தால் அழுத்திப் பாருங்கள். பலருக்கு அதிலேயே தீர்ந்துவிடும். இல்லாவிட்டால் பியெஸோவுக்கென்றே விற்கும் சிறிய ப்ரீஆம்ப் வாங்கலாம்.

கேள்வி: மிருதங்கத்துக்கு எவ்வளவு கெயின் வேண்டும்?
- வாசகர், கும்பகோணம்

பதில்: கொஞ்சம் போதும். அங்கே வரும் தொல்லை நேர்மாறானது. தொப்பியில் ஓங்கி அடிக்கும்போது மின்சுற்று திணறி ஒலி உடைந்துவிடும். ஒலியளவைக் குறைத்து உள்ளே விடும் 'பேட்' பொத்தான் உள்ள மைக்கையோ இன்டர்ஃபேஸையோ தேடுங்கள்.

கேள்வி: இணையத்தில் பாதி விலைக்கு ஒரு ஷ்யூர் மைக் கண்ணில் படுகிறது. வாங்கலாமா?
- வாசகி, கோவை

பதில்: வேண்டாம். எஸ்எம்57, எஸ்எம்58 இரண்டுக்கும் போலிகள் ஏராளம். பெட்டி, பை, ஸ்டிக்கர் எல்லாம் அசல் போலவே இருக்கும். இந்திய விநியோகஸ்தரின் பெயர் பில்லில் அல்லது வாரண்டி அட்டையில் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள். 2020ஆம் ஆண்டின் மின்வணிக நுகர்வோர் விதிகளின்படி எந்த நாட்டுப் பொருள், வாரண்டி என்ன, திருப்பித் தரும் முறை என்ன என்பதையெல்லாம் வாங்குவதற்கு முன்பே உங்களுக்குத் தெரியும்படி காட்ட வேண்டும். ஏமாற்றப்பட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பெட்டியைத் திறக்கும்போதே கைபேசியில் வீடியோ எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.