காய்ச்சல் விட்டு ஆறு நாள் ஆகிறது, 21 கிலோமீட்டர் ஓடலாமா?

கேள்வி: என் வயது 41. நான்கு மாதம் பயிற்சி எடுத்து முதல்முறையாக அரை மாரத்தானுக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். பதினோரு நாள் முன்பு ஃப்ளூ வந்து படுத்துவிட்டேன். ஐந்து நாள் காய்ச்சல், 102 டிகிரி வரை போனது, உடம்பு வலி, நெஞ்சுச் சளி. நான்காம் நாள் டாக்டர் லெவோஃப்ளாக்சசின் கொடுத்தார், ஐந்து நாள் போட்டு முடித்துவிட்டேன். காய்ச்சல் விட்டு ஆறு நாள் ஆகிறது, லேசான இருமல் மட்டும் பாக்கி. நேற்று 3 கிலோமீட்டர் ஓடிப் பார்த்தேன். கால் நன்றாகத்தான் இருக்கிறது, மூச்சுதான் வாங்கியது. வழக்கமாக 148 காட்டும் வேகத்தில் வாட்ச் 168 காட்டியது. காலையில் 57 இருக்கும் நாடித்துடிப்பு இப்போது 71. பந்தயத்துக்கு இன்னும் எட்டு நாள். மெதுவாக ஓடினால் பரவாயில்லையா? ஓடுவதற்கு முன் ஒரு பாரசிட்டமால் போட்டுக்கொள்ளலாமா? ஆஸ்பத்திரியிலிருந்து வந்த கையோடு அந்தக் கால செக் ஓட்ட வீரர் ஜாட்டோபெக் ஓடித் தங்கம் வாங்கவில்லையா என்று கேட்கிறார் கூட ஓடும் நண்பர்.

பதில்: வேண்டாம், இந்த முறை ஓடாதீர்கள். நான்கு மாதம் விடிவதற்கு முன் எழுந்தவருக்கு இதைக் கேட்கக் கஷ்டமாகத்தான் இருக்கும், ஆனால் பதிலை நீங்களே உங்கள் கேள்விக்குள் எழுதி அனுப்பியிருக்கிறீர்கள். கால், இருமல், காய்ச்சல் பற்றியெல்லாம் சொல்லிவிட்டுப் போகிற போக்கில் இரண்டு எண்களைப் போட்டிருக்கிறீர்களே, அவைதான் எனக்கு முக்கியம்.

முதலில் அந்த 71. வழக்கமான 57-ஐவிட நிமிடத்துக்கு 14 கூடுதல். சின்ன வித்தியாசம் போலத் தெரியும். இதே கணக்கில் ஒரு நாள் முழுக்கப் போனால் இருபதாயிரம் துடிப்புக்கு மேல் உங்கள் இதயம் ஓவர்டைம் பார்க்கிறது, அதுவும் நீங்கள் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே. காய்ச்சல் அடிக்கும்போது துடிப்பு கூடுவது இயல்பு, உடல் வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸ் ஏறினால் தோராயமாகப் பத்துத் துடிப்பு ஏறும். ஆனால் உங்களுக்குக் காய்ச்சல் விட்டு ஆறு நாள் ஆகிவிட்டது, தெர்மாமீட்டர் சாதாரணமாகக் காட்டுகிறது, துடிப்பு மட்டும் இறங்கவில்லை. ஏன்? பெரும்பாலும் சாதாரணக் காரணம்தான். படுத்தே கிடந்ததிலும் வியர்த்ததிலும் ரத்தத்தின் நீர்ப்பகுதி குறைந்திருக்கும். ஒவ்வொரு துடிப்பிலும் வெளியேறும் ரத்தம் குறைவதால் இதயம் எண்ணிக்கையைக் கூட்டி ஈடுகட்டுகிறது. அதோடு கிருமியை எதிர்த்துக் கிளம்பிய அழற்சி இன்னும் முழுசாக அடங்கியிருக்காது. காய்ச்சல் நின்றுவிட்டது என்றால் சண்டை ஜெயிக்கும் பக்கம் திரும்பியிருக்கிறது, அவ்வளவுதான்.

அப்புறம் அந்த 168. இதில் ஒரு சந்தேகம் இருக்கிறது, சொல்லிவிடுகிறேன். மணிக்கட்டில் கட்டும் வாட்ச் தோலுக்கு அடியில் ஒளியைப் பாய்ச்சித் துடிப்பை எண்ணுகிறது. ஓடும்போது சில சமயம் நாடியை விட்டுவிட்டு, கால் தரையில் படும் அதிர்வை எண்ண ஆரம்பித்துவிடும். நிறையப் பேர் ஓடும்போது நிமிடத்துக்கு 160, 170 அடி வைப்பார்கள், அதனால் இந்த மாதிரி எண் வந்தால் நான் உடனே நம்புவதில்லை. அடுத்த முறை வேகநடையில் சட்டென்று நின்று, கழுத்தில் இரண்டு விரல் வைத்து 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்கிப் பாருங்கள். ஆனால் உங்கள் விஷயத்தில் மூச்சும் வாங்கியிருக்கிறது, காலைத் துடிப்பும் கூடியிருக்கிறது, மூன்றும் ஒரே பக்கம் கை காட்டுவதால் வாட்ச் சொன்னது கிட்டத்தட்ட உண்மை என்றே வைத்துக்கொள்கிறேன். 220-லிருந்து வயதைக் கழிக்கும் பழைய தோராயக் கணக்கில் உங்கள் உச்சத் துடிப்பு 179. வழக்கமான நிதான வேகத்திலேயே 168 என்றால் வண்டி முதல் கியரில் அலறுகிறது. இப்படி 3 கிலோமீட்டர் தாங்கும். இரண்டு, இரண்டரை மணி நேரம்?

இனி நான் பயப்படும் விஷயம். ஃப்ளூ, கொரோனா, காக்சாக்கி போன்ற வைரஸ்கள் சிலருக்கு இதயத் தசையையும் தொட்டுவிடும். மயோகார்டைட்டிஸ் என்போம், இதயத்தசை அழற்சி. எல்லோருக்கும் வராது, அரிது. வந்தாலும் பலருக்குத் தெரியாமலே வந்து போய்விடும். ஆனால் அது உள்ளே இருக்கும்போது கடுமையாக ஓடினால் இதயத் துடிப்பு தாறுமாறாகப் போகலாம், அப்படியே சுருண்டு விழுந்தவர்கள் உண்டு. எலிகளுக்குக் காக்சாக்கி வைரஸை ஏற்றிக் கட்டாயமாக நீந்த வைத்த பழைய ஆய்வொன்றில், ஓய்வில் விட்ட எலிகளைவிட நீந்திய எலிகளின் இதயத்தில் வைரஸ் பெருகியது, சாவும் கூடியது. நீங்கள் எலி இல்லைதான், இருந்தாலும் காய்ச்சலோடு ஓடாதே என்று டாக்டர்கள் பிடிவாதம் பிடிப்பதற்குப் பின்னால் இந்த மாதிரி அனுபவங்கள் இருக்கின்றன. விளையாட்டு வீரர்களுக்கு இந்த நோய் உறுதியானால் மூன்று முதல் ஆறு மாதம் வரை களத்துக்கே விடமாட்டோம்.

உங்களுக்கு அது இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. ஆனால் துடிப்பும் மூச்சும் இப்படி இருப்பதால் ஒரு இசிஜி எடுத்துவிடுங்கள், ஐந்து நிமிட வேலை. நெஞ்சு வலி, படபடப்பு, தலைசுற்றல், மயக்கம், படுத்தால் மூச்சு முட்டுவது, கால் வீக்கம் இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே போய், இதயத் தசை அடிபட்டிருக்கிறதா என்று காட்டும் ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனையும் எக்கோவும் பார்க்க வேண்டும். இசிஜி நார்மல் என்றால் ஓடலாம் என்று அர்த்தமில்லை, இந்த நோய் இசிஜியில் தப்பிப்பதும் உண்டு.

பாரசிட்டமால் கேட்டிருந்தீர்கள். இதில் எனக்கே சொந்த அனுபவம் இருக்கிறது, பெருமைப்பட ஒன்றுமில்லை. மருத்துவம் படிக்கும்போது லேசான காய்ச்சலோடு இரண்டு மாத்திரையைப் போட்டுக்கொண்டு 10 கிலோமீட்டர் பந்தயத்துக்குப் போனேன். ஆறு வரை பிரமாதம். ஏழாவதில், நல்ல வெயிலில், கையெல்லாம் புல்லரித்துக் குளிர ஆரம்பித்தது. ஓரமாக உட்கார்ந்து ஷூ லேஸை அவிழ்க்கப் பார்க்கிறேன், விரல் சொன்னபடி கேட்கவில்லை, ஒரு முடிச்சை வெறித்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பின்னால் வந்த ஒரு பெரியவர் தலையில் தண்ணீரைக் கொட்டி நிழலுக்கு இழுத்துப் போகாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்பதை அடுத்த வருடம் வெப்பத்தாக்கு பாடம் படிக்கும்போதுதான் புரிந்துகொண்டேன். சமீபத்தில் காய்ச்சலில் விழுந்து எழுந்தவர்களுக்கு ஓட்டத்தின்போது வெப்பத்தாக்கு வரும் வாய்ப்பு அதிகம். உடம்பின் உள்வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் முதலில் தடுமாறுவது மூளை, அதனால் ஆபத்தில் இருக்கிறோம் என்பதே ஓடுகிறவருக்குத் தெரியாது. மாத்திரை நோயைக் குணப்படுத்துவதில்லை, எச்சரிக்கை மணியின் வாயைத்தான் கட்டுகிறது.

பாரசிட்டமாலையாவது இத்தோடு விடலாம். ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளை ஓடுவதற்கு முன் தொடவே தொடாதீர்கள். உடம்பில் நீர் வற்றும்போது சிறுநீரகம் தன் ரத்த ஓட்டத்தைக் காப்பாற்றிக்கொள்ள நம்பியிருக்கும் வழியையே அவை அடைக்கின்றன. சளி மாத்திரைகளும் லேசுப்பட்டவை அல்ல. மூக்கடைப்புக்கான சூடோஎஃபெட்ரின் துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் ஏற்றும், தூக்கம் வரவழைக்கும் பழைய வகை அலர்ஜி மாத்திரைகள் வியர்வையைக் குறைக்கும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும், லெவோஃப்ளாக்சசின். நல்ல மருந்துதான், உங்கள் டாக்டர் சளியைப் பார்த்துக் கொடுத்திருப்பார், ஃப்ளூ வைரஸுக்கு அது வேலை செய்யாது என்பது வேறு விஷயம். இந்த வகை ஆன்டிபயாட்டிக்குகள், சிப்ரோஃப்ளாக்சசினும் ஆஃப்ளாக்சசினும் இதே குடும்பம், சிலருக்குத் தசைநாண்களைப் பலவீனப்படுத்தும். அதிகம் அடிபடுவது குதிகாலுக்கு மேலே கயிறு போல இருக்கும் அக்கிலிஸ் நாண். 2008-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதற்காக மருந்தின் விவரக் குறிப்பிலேயே கட்டம் கட்டி எச்சரிக்கை போட வைத்தது. அறுபது வயதைத் தாண்டியவர்களுக்கும் ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்கும்தான் ஆபத்து அதிகம், உங்களுக்குக் குறைவு. ஆனால் பிரச்சினை மருந்து நிறுத்திய பிறகும், சில சமயம் மாதங்கள் கழித்தும் வரலாம் என்பதால், அடுத்த சில வாரங்களுக்கு மேட்டில் ஏறி ஓடுவதும் வேகப் பயிற்சியும் வேண்டாம். காலையில் முதல் அடி வைக்கும்போது குதிகால் பிடித்தாலோ, அந்த நாணை விரலால் நசுக்கினால் வலித்தாலோ ஓட்டத்தை நிறுத்திவிட்டு டாக்டரிடம் காட்டுங்கள்.

ஜாட்டோபெக் கதைக்கு வருவோம். உண்மைதான். 1950-இல் பிரஸ்ஸல்ஸில் நடந்த ஐரோப்பியப் போட்டிக்கு முன் உணவு நஞ்சாகி ஆஸ்பத்திரியில் கிடந்தார், வெளியே வந்த சில நாட்களிலேயே 5,000, 10,000 மீட்டர் இரண்டிலும் தங்கம் வாங்கினார். ஆனால் அவருக்கு வந்தது வயிற்றுக் கோளாறு, நெஞ்சில் இறங்கிய வைரஸ் இல்லை. 10,000 மீட்டர் அவருக்கு அரை மணி நேரத்துக்குள் முடியும் வேலை, நீங்களோ இரண்டு மணி நேரத்துக்கு மேல் ரோட்டில் இருக்கப் போகிறீர்கள். முக்கியமாக, இப்படி ஓடி ஜெயித்தவர் கதையைத்தான் நண்பர்கள் சொல்வார்கள். ஓடிப் படுத்தவர் கதை எங்களிடம் வரும்.

மெதுவாக ஓடுகிறேன் என்பதை நான் நம்பவில்லை, கோபித்துக்கொள்ள வேண்டாம். நெஞ்சில் பந்தய எண்ணைக் குத்திக்கொண்டு ஆயிரம் பேரோடு நிற்கும்போது யாரும் மெதுவாக ஓடுவதில்லை.

சரி, இந்த எட்டு நாள் என்ன செய்வது? காய்ச்சல் இருந்த ஒவ்வொரு நாளுக்கும் குறைந்தது இரண்டு நாள் லேசான வேலை மட்டும் என்பது அனுபவத்தில் வந்த ஒரு கணக்கு, உங்களுக்குப் பத்து நாள் வருகிறது. இசிஜி பார்க்கும் வரை வீட்டு நடமாட்டம் போதும். அதில் சிக்கல் இல்லை என்றால் தினமும் 20, 30 நிமிடம் நடங்கள், பக்கத்தில் வருபவரோடு முழு வாக்கியத்தில் பேச முடிகிற வேகத்தில். காலைத் துடிப்பு 60-ஐ ஒட்டித் தொடர்ந்து மூன்று நாள் நின்றால் நடையும் ஓட்டமுமாக மாற்றி மாற்றி 20 நிமிடம். மறுநாள் காலை துடிப்பு ஏறினாலோ அசதி அடித்துப் போட்டாலோ மறுபடி நடை. 71 இறங்காமல் இன்னொரு வாரம் அப்படியே இருந்தால் மீண்டும் டாக்டரிடம் போங்கள். சிறுநீர் கடுந்தேநீர் நிறத்தில் போனாலும், விட்ட காய்ச்சல் திரும்ப வந்தாலும் காத்திருக்காதீர்கள்.

பயிற்சி வீணாகிவிடுமே என்ற கவலை இருக்கும். 1966-இல் டாலஸில் இருபது வயதுக்காரர்கள் ஐந்து பேரை மூன்று வாரம் படுக்கையிலேயே கிடத்தி வைத்து ஆய்வு செய்தார்கள். அவர்களின் உச்ச ஆக்சிஜன் திறன், அதாவது முழு மூச்சாக உழைக்கும்போது உடம்பு பயன்படுத்தக்கூடிய ஆக்சிஜன் அளவு, கால்பங்குக்கு மேல் விழுந்தது. பிறகு எட்டு வாரப் பயிற்சியில் விட்டதையெல்லாம் பிடித்துவிட்டார்கள். நீங்கள் அந்த அளவுக்குப் படுத்துக் கிடக்கவில்லை. பந்தயக்காரர்களுக்கு இன்றே எழுதி, பெயரை அடுத்த ஆண்டுக்கு மாற்ற முடியுமா என்று கேளுங்கள், சில இடங்களில் மருத்துவச் சான்று காட்டினால் ஒத்துக்கொள்வார்கள். இல்லாவிட்டால் எட்டுப் பத்து வாரம் தள்ளி வேறு பந்தயம் பாருங்கள்.

நாளை முதல் எழுந்தவுடன், படுக்கையை விட்டு இறங்கும் முன், துடிப்பை ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். பத்து நாள் எண்களையும் இசிஜியையும் அனுப்புங்கள், எப்போது திரும்ப ஓடலாம் என்று பார்த்துச் சொல்கிறேன்.