அடியில் கிடக்கிற சீனி

கேள்வி: புளியரை செக்போஸ்ட் பக்கம் டீக்கடை வைத்திருக்கிறேன். ஐஸ் போட்ட எலுமிச்சை ஜூஸில் சீனி கரையாமல் அடியிலேயே கிடக்கிறது. கேரளா லாரிக்காரர்கள் ‘சேச்சி, மதுரம் போரா’ (அக்கா, இனிப்பு போதவில்லை) என்கிறார்கள். கூட இரண்டு ஸ்பூன் போட்டாலும் அப்படியேதான். டீயில் மட்டும் உடனே கரைகிறதே, சார்? உப்பும் ஐஸ் தண்ணீரில் கரைந்துவிடுகிறதே?
– வாசகி, புளியரை

பதில்: முதலில் அந்தக் கூட இரண்டு ஸ்பூனை நிறுத்துங்கள். நஷ்டம் உங்களுக்குத்தான்.

தண்ணீரில் இடம் இல்லாமல் சீனி அடியில் நிற்கவில்லை. 20 டிகிரியில் 100 கிராம் தண்ணீர் கிட்டத்தட்ட 200 கிராம் சீனியைக் கரைத்துக்கொள்ளும். ஐஸ் குளிர்ச்சியில்கூட 175 கிராமுக்கு மேல் கரையும். அதற்கு மேல் ஏற்காத நிலையைத்தான் பத்தாம் வகுப்பில் ‘தெவிட்டிய கரைசல்’ என்று நடத்தினேன். உங்கள் கிளாஸ் அதன் பக்கத்திலேயே போகவில்லை.

வேகம்தான் குறை. தண்ணீர் மூலக்கூறுகள் சீனிப் பரலை மோதி, ஓரத்திலிருந்து ஒவ்வொரு மூலக்கூறாகப் பிய்த்து எடுக்கின்றன. சூட்டில் அவை துள்ளும், குளிரில் சோம்பும். போதாததற்கு, கரைந்த சீனி கனமான பாகாகி மீதிப் பரலைச் சுற்றியே தேங்கி நிற்கும். புதுத் தண்ணீர் உள்ளே போக வழியில்லை. டீயை நீங்கள் தூக்கி ஆற்றுகிறீர்கள் அல்லவா, அப்படி ஆற்றுவதே பாதி வேலையை முடித்துவிடுகிறது. ஜூஸை யார் ஆற்றுகிறார்கள்?

உப்பு கெட்டிக்காரன் என்று நினைக்க வேண்டாம். 100 கிராம் தண்ணீரில் 36 கிராம்தான் கரையும். கொதிக்க வைத்தாலும் சுமார் 39 கிராம்தான். நீங்கள் போடுவது தூள் உப்பு, அதுவும் ஒரு சிட்டிகை. கரையாமல் என்ன செய்யும்?

சரி, கடைக்கு வழி. காலையில் டீக்குக் கொதிக்கும் தண்ணீரில் ஒரு கிளாஸ் எடுத்து, ஒரு கிளாஸ் சீனியைக் கரைத்து ஆறவிடுங்கள். ஜூஸுக்கு அந்தப் பாகை ஊற்றிக் கலக்கி, கடைசியில் ஐஸ்.

உப்பு சோடா கேட்டால் மட்டும் கவனம். உப்பைச் சாற்றில் கரைத்த பிறகே சோடா. சோடாவில் கரைந்திருக்கும் வாயு, கரையாத உப்புப் பரலைக் கண்டால் அதன்மேல் குமிழ் கட்டிப் பொங்கிவிடும். ஆரியங்காவு போன இடத்தில் பாட்டிலுக்குள்ளேயே உப்பைப் போட்டு, என் வேட்டியோடு பக்கத்தில் நின்றவர் வேட்டியையும் நனைத்தவன் நான். வேதியியல் வாத்தியார் என்று அவரிடம் சொல்லிக்கொள்ளவில்லை.