ரெசிஸ்டர் வழியாகச் சார்ஜ் ஆகும் கெபாசிட்டர், முதலில் வேகமாக ஏறிவிட்டு அப்புறம் ஏன் இழுத்தடிக்கிறது?

பெரிய ரெசிஸ்டர் போட்டால் கெபாசிட்டர் முழு வோல்டேஜைத் தொடாதா என்றும் சேர்த்துக் கேட்டிருக்கிறீர்கள். நடைமுறையில் தொடும், நேரம்தான் கூடும். இரண்டுக்குமே விடை, கரண்டை மட்டுப்படுத்தும் ரெசிஸ்டரிடம் இருக்கிறது. எல்லோரும் மின்னூட்டத்தைச் சேர்த்து வைக்கும் கெபாசிட்டரையே பார்த்துக்கொண்டிருப்பதால்தான் குழப்பம்.

9 வோல்ட் பேட்டரி, 10 கிலோ ஓம் ரெசிஸ்டர், 100 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர், மூன்றையும் தொடராக இணைத்து சுவிட்சைப் போடுகிறோம். காலி கெபாசிட்டரில் வோல்டேஜ் பூஜ்ஜியம். அதனால் 9 வோல்ட்டும் ரெசிஸ்டர் தலையில்தான் விழும்; ஓம் விதிப்படி 0.9 மில்லி ஆம்பியர் பாயும். கெபாசிட்டர் 3 வோல்ட்டுக்கு ஏறியதும் ரெசிஸ்டருக்கு மிச்சம் 6 வோல்ட், கரண்ட் 0.6. எட்டுக்கு வந்துவிட்டால் மிச்சம் ஒரே வோல்ட், கரண்ட் வெறும் 0.1. அதாவது, ஏற ஏறத் தனக்கு வரும் கரண்டைக் கெபாசிட்டர் தானே குறைத்துக்கொள்கிறது. பிறகு எப்படி அதே வேகத்தில் ஏறும்?

ஓம் மதிப்பையும் ஃபாரட் மதிப்பையும் பெருக்கினால் வருவது நேர மாறிலி. இங்கே 10,000 × 0.0001 = 1 வினாடி. ஆரம்பத்து 0.9 மில்லி ஆம்பியர் குறையாமல் பாய்ந்திருந்தால் சரியாக இந்த ஒரு வினாடியில் 9 வோல்ட் ஆகியிருக்கும். குறைந்துகொண்டே வருவதால் 63.2 சதவீதம், அதாவது 5.69 வோல்ட்தான் ஆகிறது. அடுத்த வினாடியில் மிச்சமிருப்பதில் 63.2 சதவீதம்: 7.78. மூன்றாவதில் 8.55. மீட்டரில் எண்கள் ஐந்து வரை தடதடவென ஓடி, எட்டைத் தாண்டியதும் ஊர்வதைக் கண்ணாலேயே பார்க்கலாம். கணக்குப்படி 9 வரவே வராது. நடைமுறையில் ஐந்து நேர மாறிலி கடந்தால் 99.3 சதவீதம், நிறைந்ததாக எடுத்துக்கொள்வார்கள்.

டிஸ்சார்ஜும் இதே கதைதான். பேட்டரியைக் கழற்றி, ரெசிஸ்டரைக் கெபாசிட்டருக்குக் குறுக்கே இணைத்தால் கரண்ட் எதிர்த்திசையில் பாயும். ஒரு வினாடி கழித்து 36.8 சதவீதம், அதாவது 3.31 வோல்ட் மிஞ்சும்.

ஒரு வேடிக்கை: சார்ஜ் செய்யும்போது பேட்டரி தரும் ஆற்றலில் சரிபாதி ரெசிஸ்டரில் சூடாகப் போய்விடும். ரெசிஸ்டர் 10 ஓம் ஆனாலும் 10 கிலோ ஓம் ஆனாலும் அந்தப் பாதியில் மாற்றமில்லை.

சரி, இரண்டாவது கேள்வி. கடைசியில் கரண்ட் ஏறக்குறைய நின்றுவிடும். கரண்ட் இல்லாத ரெசிஸ்டரில் வோல்டேஜ் விழாது. எனவே அது எவ்வளவு பெரிதாக இருந்தாலும் கெபாசிட்டருக்கு 9 வோல்ட் கிடைத்தாக வேண்டும். ஆனால் 1 மெகா ஓம் போட்டு அளந்தால் உங்களுக்கு 8.2 வோல்ட்டுக்கு மேல் காட்டாமல் இருந்திருக்கலாம். அங்கே மல்டிமீட்டரைச் சந்தேகியுங்கள். டிஜிட்டல் மீட்டர்கள் பலவற்றின் உள்மின்தடை 10 மெகா ஓம். மீட்டர் வழியாகக் கொஞ்சம் கரண்ட் ஓயாமல் கசிவதால், பதினொன்றில் ஒரு பங்கு வோல்டேஜ் ரெசிஸ்டரிலேயே நின்றுவிடும். எலக்ட்ரோலிடிக் கெபாசிட்டர் என்றால் அதன் சொந்தக் கசிவு வேறு. மீட்டரைக் கழற்றிவிட்டு நன்றாகச் சார்ஜ் ஆக விடுங்கள்; பிறகு மீட்டரை வைத்த கணத்தில் தெரியும் எண்ணைப் படியுங்கள்.