அழாத கிடார் – கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணா,

அமெரிக்க கன்ட்ரி பாடகர் ரே பிரைஸோட 'நைட் லைஃப்' ஆல்பம் பத்தி நீங்க எழுதுனத படிச்சிட்டு அதுல வர்ற பெடல் ஸ்டீல் கிடாரத் தேடித்தேடி கேட்க ஆரம்பிச்சேன். நைட் ஷிஃப்ட் முடிச்சு கம்பெனி பஸ்ல வர்றப்ப கேட்டா அப்படியே கண்ணு கலங்கிடுது. அப்புறம் இதே வாத்தியத்துல ஜாஸும் வாசிச்சிருக்காங்கன்னு தெரிஞ்சு பட்டி எம்மன்ஸோட 'ஸ்டீல் கிடார் ஜாஸ்' ஆல்பத்த மூணு தடவ கேட்டேன். ஒண்ணும் ஆகல. வறட்டுன்னு இருக்கு, அழுகையே இல்ல, திறமைய காட்ட வாசிச்ச மாதிரி இருக்கு. இத எப்படி ரசிக்கிறது, எங்கேருந்து ஆரம்பிக்கணும்? தியரி படிக்கணுமா? இது நம்ம வீணை கமகம் மாதிரிதானே? சூசன் ஆல்கார்ன் வாசிச்சதும் கேட்டேன், அது ஏனோ பிடிச்சிருந்துச்சு, ஆனா அது ஜாஸான்னே தெரியல. நல்ல ஹெட்ஃபோன் வாங்கினா வித்தியாசம் தெரியுமா?

அன்புடன்,
செந்தில், ஓசூர்

அன்புள்ள செந்தில்,

போன வாரம் அலமாரி ஒழிக்கிறப்ப ஒரு பழைய மாத்திரை டப்பாவுக்குள்ள ஸ்டீல் கிடார் கம்பிய தட்ட விரல்ல மாட்டுற மூணு பிக் கிடைச்சுது. கட்டைவிரலுக்கு ஒரு பிளாஸ்டிக் வளையம், அடுத்த ரெண்டு விரலுக்கு நகம் மாதிரி வளைச்ச ரெண்டு உலோகத் துண்டு. மாட்டிப் பார்த்தேன், விரல் பெருத்துப்போச்சு, ஒண்ணு உள்ளயே போகல. அதையே பார்த்துட்டு ரொம்ப நேரம் உக்காந்திருந்தேன், ரெண்டு நாள்ல உங்க கடிதம் வருது. அதனாலதான் இந்த பதில், இல்லன்னா 'எப்படி ரசிக்கிறது'ன்னு வர்ற கடிதத்துக்கெல்லாம் நான் பதில் எழுதுறதில்ல.

முதல்ல சின்ன விஷயத்தையெல்லாம் தள்ளிடுறேன். தியரி வேண்டாம். ஹெட்ஃபோன் வேண்டாம், இருக்கிறது போதும். வீணை கமகம், ஐயா சாமி, அதையும் விட்டுடுங்க. கம்பி மேல கட்டைய தேய்ச்சு வாசிக்கிற வாத்தியம் நம்மகிட்டயும் இருக்கு, கோட்டுவாத்தியம், ஒப்பிடணும்னா அதோட ஒப்பிடணும், வீணையோட இல்ல. ஆனா அதுவும் இப்ப வேண்டாம். எந்த ஊர் வாத்தியத்த கேட்டாலும் அடுத்த நிமிஷமே அத நம்ம வீட்டு சொந்தக்காரனாக்கிப் பார்க்கணும்னு ஒரு அரிப்பு நமக்கு, அந்த அரிப்புல அந்த வாத்தியம் என்ன பண்ணுதுன்னு காதுல விழாமலே போயிடுது.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். மூணு தடவ கேட்டேன் ஒண்ணும் ஆகலன்னு எழுதியிருக்கீங்க, இதென்ன வேளைக்கு ஒண்ணுன்னு மூணு வேளை போடுற மாத்திரையா? கண்ணீர் வரலன்னு புகார் வேற. கோபமா வருது தம்பி, ஆனா உங்க மேல மட்டும் இல்ல, 25 வயசுல நானும் அப்படித்தான் இருந்தேன், பாட்டுன்னா தொண்டைய அடைக்கணும், அடைக்கலன்னா அது சும்மா கணக்கு. அந்தப் புத்தி போறதுக்கு எனக்கு ஒரு கிழவரோட கராஜ்ல எட்டு மாசம் உக்கார வேண்டியிருந்துச்சு.

அதுக்கு முன்னாடி ஒண்ணு. அந்த அழுகை இருக்கே, அது அந்த வாத்தியத்தோட கூடவே வர்றது. பெடல் ஸ்டீல மடியில வெச்சு வாசிக்கிறதில்ல, நாலு கால் போட்ட மேசை மாதிரி நிக்கும், முன்னாடி ஸ்டூல் போட்டு உக்காரணும். இடது கையில பளபளன்னு ஒரு இரும்பு உருளை, பார்னு சொல்லுவாங்க. அது கம்பிய கட்டைல அழுத்தாது, சும்மா மேல உரசிட்டுப் போகும், அதனால ஸ்வர இடத்த காட்டுற ஃப்ரெட்டுங்கிறது வெறும் கோடு, பார்த்துக்கிறதுக்கு மட்டும். இடது கால் பெடல மிதிச்சா அடில இருக்கிற ராடு குறிப்பிட்ட சில கம்பிய மட்டும் இழுத்து சுருதிய ஏத்தும், முட்டிய இப்படி அப்படி தள்ளினா வேற சில கம்பி ஏறும் இறங்கும். வலது கால் வால்யூம் பெடல் மேல. கம்பி சத்தம் தேயத் தேய அந்தக் கால மெதுவா அமுக்கிட்டே போனா சத்தம் தேயாம நீண்டுட்டே இருக்கும். ஆக, வழுக்குற பார், ஏறி இறங்குற கம்பி, தேயாத சத்தம், இந்த மூணும் ஒண்ணு சேர்ந்தா அழுகை தானா வரும், ஒரே ஒரு கம்பிய தட்டிட்டு பெடல மிதிங்க, பக்கத்து வீட்டு பாட்டி எட்டிப் பார்ப்பாங்க யாருக்கு என்னாச்சுன்னு. 1954ல கன்ட்ரி பாடகர் வெப் பியர்ஸோட 'ஸ்லோலி' ஹிட்டாச்சு, அதுல பட் ஐசக்ஸ் பெடல மிதிச்சு ஒரு கம்பி நிக்க இன்னொரு கம்பி நெளியுற மாதிரி வாசிச்சார், அதுக்கப்புறம் கன்ட்ரி பாட்டுல ஸ்டீல்னாலே அதுதான்னு ஆயிடுச்சு. நான் அத குறை சொல்லல. நானும் அழுதவன்தான்.

2006ல ஆபீஸ் என்னை டல்லாஸுக்கு அனுப்புச்சு. அங்க வருஷத்துக்கு ஒரு தடவ ஸ்டீல் கிடார்காரங்க எல்லாம் ஒரு ஹோட்டல்ல கூடுவாங்க, காலைலேருந்து ராத்திரி வரைக்கும் ஒருத்தர் மாத்தி ஒருத்தர் வாசிப்பாங்க, பாதிப் பேர் தாத்தாக்கள். அங்க பழக்கமானவர்தான் இவர், பேரு வேண்டாம், ஏசி ரிப்பேர் பண்ணி ரிட்டயர் ஆனவர், சின்ன வயசுல டெக்சஸ்ல டான்ஸ் ஹால் டான்ஸ் ஹாலா வாசிச்சவர். கத்துக்குடுங்கன்னு கேட்டேன். சரின்னார். மூணு பெடல் ஒரு முட்டி லீவர் வெச்ச ஸ்டூடன்ட் மாடல் ஒண்ணு ஒரு கடையில வாங்குனேன் (அதே கடை எட்டு மாசம் கழிச்சு பாதி விலைக்குக்கூட எடுத்துக்க மாட்டேன்னுச்சு, அது வேற வயித்தெரிச்சல்).

முதல் நாள் நான் நெனச்சுட்டுப் போனது, பார எப்படி பிடிக்கணும்னு சொல்லுவார், ஒரு சோகப் பாட்டு கத்துக்கலாம்னு. அவர் ஆம்ப்ளிஃபயர்ல வால்யூம ஏத்துனார், வலது கால முழுசா அமுக்கச் சொன்னார், ரெண்டு கையையும் கம்பி மேல வெச்சுட்டு ஒரு சின்ன முனகல்கூட வராம உக்காருன்னார். அவ்வளவுதான் பாடம். நான் மூச்சு விட்டாலே எங்கயோ ஒரு கம்பி ரீங்னு பாடுது. இந்தப் பக்கம் அமுக்குனா அந்தப் பக்கம் கத்துது. அவர் காபி குடிச்சுட்டு வாசல்ல கார் போறத பார்த்துட்டிருக்கார்.

அடுத்து ஒரு கம்பி. மூணாவது கோட்டுல தட்டணும், நிறுத்தணும், பார எட்டாவது கோட்டுக்குக் கொண்டு போகணும், தட்டணும். கேட்க சுலபமா இருக்கா? மூணுலேருந்து எட்டுக்கு பார் போற வழியில கம்பி உயிரோட இருந்தா ஊய்ய்ங்னு பூனைய மிதிச்ச மாதிரி ஒரு சத்தம் வரும். அது வரக்கூடாதுன்னா பார் நகர்றதுக்கு ஒரு இம்மி முன்னாடி வலது கையோட ஓரம், சுண்டுவிரலுக்குக் கீழ சதை இருக்கில்ல, அந்த இடம், கம்பி மேல விழுந்து வாய பொத்தணும். பார் போய் சேர்ந்ததும் அது எழுந்து வழி விடணும். பிளாக்கிங்னு சொல்லுவாங்க. இடது கையில பாருக்குப் பின்னாடி வர்ற விரலும் சும்மா வரல, அதுவும் கம்பிய தடவி அடக்கிட்டே வருது. பூனை கத்துனா அவர் ஒண்ணும் சொல்ல மாட்டார், காபி கப்புலேருந்து ஒரு விரல மட்டும் தூக்குவார். திரும்ப வாசி. ஒரு மாசம் இதே. அவரோட கைய ஒருநாள் வாங்கிப் பார்த்தேன், அந்த ஓரத்துல தோல் வழவழன்னு, பழைய வீட்டு மாடிப்படி கைப்பிடி மாதிரி இருந்துச்சு.

இப்ப யோசிச்சுப் பாருங்க செந்தில். நிமிஷத்துக்கு 240 அடி ஓடுற பாட்டுன்னு வைங்க, அடிக்கு ரெண்டு ஸ்வரம், நொடிக்கு எட்டு. ஒவ்வொண்ணையும் தட்டணும், ஒவ்வொண்ணையும் கொல்லணும், நடுவுல பார் ஓடணும், கோர்ட் (சேர்ந்து ஒலிக்கிற ஸ்வர அடுக்கு) மாறுறப்ப கால் மிதிக்கணும். கால் எதுக்குன்னா, பார் நேரான உருளை, சாதா கிடார்ல விரல் விரலா வெவ்வேற இடத்துல அழுத்துற மாதிரி இதுல முடியாது, ஒரு கோட்டுல வெச்சா எல்லா கம்பிக்கும் அதே கோடுதான், மிச்ச வேலைய காலும் முட்டியும்தான் செய்யணும். ஜாஸுக்குன்னு பெரும்பாலும் வெச்சுக்கிற சுருதிய சி சிக்ஸ்த்னு சொல்லுவாங்க, ஸ க ப த மாதிரி ஒரு அடுக்கு, அதையே த-வுலேருந்து பார்த்தா இன்னொரு கோர்ட், அடில இருக்கிற ம கம்பியையும் சேர்த்துக்கிட்டா இன்னும் ஒண்ணு, பார நகர்த்தாமலே. (வீணை வேண்டாம்னுட்டு நானே ஸ்வரம் பேசுறேன், சிரிக்காதீங்க.)

நீங்க 'வறட்டு'ன்னு சொன்னீங்களே, அந்த வறட்சிய ஒவ்வொரு துளியா அந்தக் கை உண்டாக்கியிருக்கு. சும்மா விட்டா அழுற வாத்தியத்த அழ விடாம பேச வெச்சிருக்கார் ஒருத்தர். அதுவும் யாரு? உங்கள கம்பெனி பஸ்ல அழவெச்ச அதே ஆள். 'நைட் லைஃப்'ல ஸ்டீல் வாசிச்சது எம்மன்ஸ்தான், அதுவும் 1963, இதுவும் 1963. அழவைக்கத் தெரியாம இல்ல அவருக்கு!

அந்த வருஷ ஜூலைல 'ஸ்டீல் கிடார் ஜாஸ்' பதிவான நியூயார்க் ஸ்டூடியோவ நெனச்சுப் பார்ப்பேன் அடிக்கடி. இந்தியானாவுல மிஷவாக்காங்கிற ஊர்ல பொறந்த 26 வயசுப் பையன், ரே பிரைஸோட பேண்டுல ஊர் ஊரா வாசிச்சுட்டிருக்கிறவன். சுத்தி உக்காந்திருக்கிறது யாருன்னா ஜான் கோல்ட்ரேன்கூட வாசிச்ச பேஸ்காரர் ஆர்ட் டேவிஸ், டிஸ்ஸி கில்லெஸ்பியோட பெரிய பேண்டுல டிரம்ஸ் வாசிச்ச சார்லி பெர்சிப், பியானோவுல பாபி ஸ்காட், சாக்ஸபோன்ல ஜெரோம் ரிச்சர்ட்சன். வாசிச்ச பாட்டுங்க சானி ராலின்ஸோட 'ஓலியோ', ஹோரஸ் சில்வரோட 'தி ப்ரீச்சர்', அப்புறம் 'செரோக்கி', 64 தாள அளவு நீளம், நடுப்பகுதியில சுருதி படிப்படியா எங்கெங்கயோ போயிட்டு வீட்டுக்குத் திரும்புற பாட்டு, ஜாஸ்காரங்க புதுசா வர்றவன சோதிக்கிறதுக்குன்னே வெச்சிருந்தாங்கன்னு சொல்லலாம். சாக்ஸபோன்காரருக்கு மூச்சு இருக்கு, நாக்கு இருக்கு, ஒரு ஸ்வரத்த வெட்டணும்னா நாக்க தொட்டா போதும். ஸ்டீலுக்கு ரெண்டும் கிடையாது. அந்த உள்ளங்கை ஓரம்தான் எம்மன்ஸுக்கு நாக்கு. ரெண்டு பேரும் அடுத்தடுத்து வர்ற இடத்துல கேளுங்க, யார் எங்க வெட்டுறாங்கன்னு.

இது ஒண்ணும் எம்மன்ஸ் கண்டுபிடிச்சது இல்ல. 1935லயே பாப் டன்னு ஒருத்தர் மில்டன் பிரவுன் பேண்டுல, அப்ப பெடலே கிடையாது, மின்சார ஸ்டீல வெச்சு ஜாக் டீகார்டனோட டிராம்போன் மாதிரி பட்பட்னு துண்டு துண்டா வாசிச்சார். ஹவாய்லேருந்து வந்த வாத்தியம், அலை மாதிரி வழுக்கிட்டே இருக்கணும்னு எல்லாரும் நெனச்சுட்டிருந்தத ஒரு டெக்சஸ் டான்ஸ் பேண்டு ஆள் கத்தரிக்கோல் போட்டு நறுக்கினார். அப்புறம் கர்லி சால்கர்னு ஒருத்தர், மொத்தமா கோர்ட் கோர்ட்டா அடுக்கி வாசிக்கிறவர், அவரையும் கேளுங்க. எம்மன்ஸும் கிடார்காரர் லென்னி ப்ரோவும் 70-கள் கடைசில சேர்ந்து வாசிச்ச 'மைனர்ஸ் அலவுட்' இருக்கு, அது கொஞ்சம் சாந்தமா இருக்கும், உங்களுக்கு பிடிக்கலாம்.

சூசன் ஆல்கார்ன் பத்தி கேட்டது மட்டும் என்னை நெஜமாவே தடுமாற வெச்சிடுச்சு. இவ்வளவு நேரம் நான் கத்துனதுக்கெல்லாம் எதிர்ல நிக்கிறவங்க அவங்க. வருஷக்கணக்கா டெக்சஸ்ல கன்ட்ரி பேண்டுகள்ல வாசிச்சிட்டு அப்புறம் எந்தக் கட்டும் இல்லாத இம்ப்ரவைசேஷன் பக்கம் போனவங்க, ஒரு ஸ்வரத்த தட்டிட்டு அது எப்படி சாகுதுன்னு கூடவே இருந்து பார்ப்பாங்க, வாய பொத்தவே மாட்டாங்க. அப்ப என் வாதம் என்னாகுது? தெரியல. 2025 ஜனவரியில அவங்க போயிட்டாங்கன்னு படிச்சப்ப அன்னைக்கு ராத்திரி 'பெடர்னல்' ஆல்பத்த முழுசா கேட்டேன், ஒண்ணு மட்டும் தோணுச்சு, எந்த ஸ்வரத்தையும் எப்ப வேணா நிறுத்தத் தெரிஞ்ச கை அது, நிறுத்தாம விட்டது அவங்க முடிவு. அது ஜாஸா இல்லையாங்கிறத பேரு வைக்கிறவங்க பார்த்துக்கட்டும், உங்களுக்குப் பிடிச்சுது, அத ஏன் அவ்வளவு கூச்சத்தோட எழுதுறீங்க?

கிழவர் கதைய பாதில விட்டுட்டேன். எட்டாவது மாசம் எனக்கு ஊருக்குத் திரும்பச் சொல்லி மெயில் வந்துடுச்சு. கடைசி நாள் வாத்தியத்த வெளிய எடுக்கல, அவர் 'செரோக்கி'ய போட்டார். ரெண்டு பேரும் மடக்கு சேர்ல உக்காந்து கேட்டோம். அவர் வலது கை முட்டி மேல இருக்கு, பாட்டு ஓட ஓட அந்த உள்ளங்கை ஓரம் மட்டும் பேண்ட் துணி மேல எழுந்து எழுந்து விழுது, அவருக்கே தெரியாம. நான் பாட்ட விட்டுட்டு அதையே பார்த்துட்டிருந்தேன். முடிஞ்சதும் 'கேட்டியா?'ன்னார். 'பார்த்தேன்'னு சொன்னேன். அதுக்கு அவர் ஒண்ணும் சொல்லல, கராஜ் கதவ இறக்கப் போயிட்டார்.

எங்கேருந்து ஆரம்பிக்கிறதுன்னுதானே கேட்டீங்க. அதே ஆல்பம், முதல் பாட்டு, 'ப்ளூயம்மன்ஸ்'. சோகத்த தேடாதீங்க. ரெண்டு ஸ்வரத்துக்கு நடுவுல என்ன இருக்குன்னு மட்டும் கேளுங்க. ஷிஃப்ட் முடிச்சு வர்றப்ப வேண்டாம், தூங்கி எழுந்து, வயிறு காலியா இல்லாதப்ப. கேட்டுட்டு எழுதுங்க. அழுகை வந்துச்சுன்னு மட்டும் எழுதிடாதீங்க.

அன்புடன்