ஏறும் மீனும் கிடக்கும் மீனும்: சால்மன், ஸ்டர்ஜன் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கேள்விகள் எல்லாம் கனடாவின் ஃப்ரேசர், அமெரிக்கப் பக்கத்துக் கொலம்பியா ஆறுகளைச் சுற்றியே இருந்தன. சால்மன் சினையிடக் கடலிலிருந்து ஆற்றில் ஏறும் மீன்; பிங்க், சாக்கை, கோஹோ, சம், சினூக் எல்லாம் அதன் வகைகள். ஸ்டர்ஜன் ஆற்றின் அடியில் கிடக்கும் பெரிய மீன். ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

செப்டம்பரில் இரண்டு வாரம் லீவு. வான்கூவர் பக்கம் வந்தால் ஃப்ரேசரில் சால்மன் கிடைக்குமா?

எந்த வருஷத்துச் செப்டம்பர் என்று சொல்லாமல் விட்டுவிட்டீர்களே! ஃப்ரேசரில் மாதத்தைவிட வருஷம் முக்கியம். பிங்க் சால்மனுக்கு ஆயுள் இரண்டே வருஷம். இந்த ஆற்றில் அது ஒற்றைப்படை ஆண்டுகளில்தான் கூட்டமாக ஏறும். சாக்கைக்கு நான்கு வருஷச் சுற்று. ஃப்ரேசர் வழியாக உள்ளே இருக்கும் ஆடம்ஸ் ஆற்றுக்குப் போகும் பெருங்கூட்டம் 2010, 2014, 2018, 2022 என்று வந்துகொண்டிருக்கிறது. 2009இல் ஃப்ரேசர் மொத்தத்துக்கும் திரும்பிய சாக்கை சுமார் 15 லட்சம்தான். என்ன ஆயிற்று என்று விசாரணைக் கமிஷனே போட்டார்கள். மறுவருஷமே கிட்டத்தட்ட 3 கோடி வந்து நின்றது.

கோஹோவும் சம்மும் வேண்டுமென்றால் லீவை அக்டோபருக்குத் தள்ளுங்கள். செப்டம்பரை மாற்ற முடியாது என்றால் கொலம்பியா பக்கம் போகலாம். அங்கே இலையுதிர்கால சினூக் ஆகஸ்டில் முகத்துவாரத்தில் நுழைந்து, செப்டம்பரில் பானவில் அணையின் மீன்படிகளில் (மீன் அணையைத் தாண்டி ஏறக் கட்டிய படிகள்) வரிசை கட்டும். 1938 முதல் அந்த அணையில் ஏறும் மீனை எண்ணி வருகிறார்கள். கிளம்புவதற்கு முந்தின வாரம் அந்த எண்ணிக்கையைப் பாருங்கள்; எந்த ஜோசியத்தையும்விட அது மேல்.

ருசிதான் முக்கியம் என்றால் ஏப்ரல், மே மாதங்களில் ஏறும் வசந்தகால சினூக். சினையிடும் வரை பல மாதம் பட்டினி கிடக்க வேண்டியிருப்பதால், வரும்போதே கொழுப்பைச் சேர்த்துக்கொண்டு வருகிறது.

ஆற்றுக்குள் வந்த சால்மன் சாப்பிடாதாமே? அப்புறம் எப்படித் தூண்டிலில் கடிக்கிறது?

சாப்பிடாது என்பது சரி. வயிற்றை அறுத்துப் பார்த்தால் இரைப்பை சுருங்கி வெறுமையாக இருக்கும். ஆனால் முகத்துக்கு நேரே சுழன்றுகொண்டு ஒன்று வந்தால் சும்மா விடாது. பழக்கமோ எரிச்சலோ, பாய்ந்து கவ்வும். சினூக்கும் கோஹோவும் சுழலும் தகட்டுக்கும் சினை உருண்டைக்கும் இப்படித்தான் மாட்டுகின்றன.

சாக்கை அப்படியல்ல. ஆற்றில் அது கடிப்பது அபூர்வம். பிறகு கரையில் நிற்பவர்கள் ஆளுக்கு நாலு எப்படிப் பிடிக்கிறார்கள் என்கிறீர்களா? ஈயக்குண்டுக்கும் முள்ளுக்கும் நடுவே இரண்டு மூன்று மீட்டர் நரம்பு விட்டு, ஆற்றின் அடியோடு உருட்டுவார்கள். எதிரே வரும் மீனின் திறந்த வாய்க்குள் நரம்பு நுழைந்து வழுகிக்கொண்டே போகும். கடைசியில் முள் தாடையின் வெளிப்பக்கத்தில் ஏறும். அடுத்த முறை மீன் வந்ததும் முள் எந்தப் பக்கத்திலிருந்து குத்தியிருக்கிறது என்று பாருங்கள், புரிந்துவிடும். என்னைக் கேட்டால், அது மீனைக் கொக்கியால் இழுப்பது. தூண்டில் போடுவது இல்லை. இதைச் சொன்னதற்காகக் கரையில் எனக்குச் சில நண்பர்கள் குறைந்திருக்கிறார்கள்.

கொலம்பியாவில் நல்ல சினூக் ஒன்று பிடித்தேன். துடுப்பைப் பார்த்துவிட்டு ‘விட்டுவிடு’ என்றார் படகுக்காரர். ஏன்?

வால் பக்கம், முதுகின் மேல், கட்டைவிரல் நுனி மாதிரி சதைப்பற்றாக ஒரு சின்னத் துடுப்பு இருக்கும்: கொழுப்புத் துடுப்பு. பொரிப்பகக் குஞ்சுகளை ஆற்றில் விடும் முன் இதை நறுக்கி அடையாளம் வைப்பார்கள். அங்கே ஆறிய தழும்பு இருந்தால் பொரிப்பக மீன். துடுப்பு முழுசாக இருந்தால் ஆற்றிலேயே பிறந்ததாக எடுத்துக்கொள்ள வேண்டும். அடையாளமுள்ளதை மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்று விதி இருந்த நாளில் போயிருப்பீர்கள். படகுக்காரர் செய்தது சரி.

ஸ்டர்ஜனைப் பிடித்து விடுவதில் என்ன சுகம்? ஒன்றை வீட்டுக்குக் கொண்டுபோனால் ஆறு வற்றிவிடுமா?

கோபமாகக் கேட்டிருக்கிறீர்கள். கணக்கைப் பாருங்கள். சால்மன் ஒரு தடவை சினையிட்டுச் சாகும். வெள்ளை ஸ்டர்ஜன் நூறு வருஷம் தாண்டியும் வாழக்கூடியது. பெண் மீன் முதல் சினைக்கு வரவே பதினைந்து, இருபது வருஷத்துக்கு மேல் ஆகும். அதன் பிறகும் வருஷா வருஷம் சினை வைக்காது. நீங்கள் தூக்கிப் போகும் அந்த ஒன்று இன்னும் ஐம்பது வருஷம் சினையிட வேண்டிய தாயாக இருக்கலாம். கொலம்பியாவில் 1892இல் சுமார் 2,500 டன் பிடித்தார்கள்; அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் மீன்பிடிப்பே படுத்துவிட்டது. கீழ் ஃப்ரேசரில் 1994 முதல் பிடித்தால் விட்டே ஆக வேண்டும்.

சுகம் என்ன என்று கேட்டீர்களே. அது கடிப்பதே தெரியாது. பல் இல்லாத வாய், குழாய் மாதிரி கீழே நீண்டு இரையை உறிஞ்சும். தூண்டில் கம்பின் நுனி ‘ஆமாம், ஆமாம்’ என்பதுபோல் இரண்டு தடவை மெதுவாகத் தலையாட்டும், அவ்வளவுதான். அடுத்த நிமிஷம் இரண்டு மீட்டர் உடம்பு முழுசாகத் தண்ணீரைவிட்டு எழும்பும்.

பெரிய மீனைத் தண்ணீரைவிட்டு வெளியே எடுக்காதீர்கள். குருத்தெலும்பு உடம்பு; நீர் தாங்காவிட்டால் அதன் எடையே உள்ளுறுப்புகளை நசுக்கும். முதல் தடவை நான் ஒரு சின்ன மீனைப் போட்டோவுக்காக மடியில் வைத்து, அதன் உடம்பின் பக்கவாட்டில் இருக்கும் எலும்புத் தகடுகள் கிழித்து உள்ளங்கையில் இரண்டு கோடு வாங்கினேன். இளசுக்குத் தகடு ரம்பம் மாதிரி இருக்கும். கிழட்டு மீனுக்குத் தேய்ந்து வழவழப்பாகிவிடும். செவுளில் விரல் விடாதீர்கள், வாலில் கயிறு கட்டாதீர்கள். தூண்டில் முள்ளின் உட்புறம் பின்னோக்கி நிற்கும் சின்னக் கூர்முனையைக் குறடால் நசுக்கிவிட்டே இரை கோக்க வேண்டும். மீனை நீரோட்டத்துக்கு எதிரே முகம் வைத்துப் பிடித்திருங்கள். அதுவாக வாலை வீசி உங்களை நனைத்துவிட்டுப் போகும்.

இரை? வசந்தத்தில் யூலக்கான் என்ற எண்ணெய்ச் சத்துள்ள சின்ன மீன், இலையுதிர்காலத்தில் சால்மன் சினை. ஆற்றில் அப்போது எது செத்து மிதக்கிறதோ, அதைத்தான் அது தேடும்.

ஆறு நிறைய மீன் இருக்கிறது, திடீரென்று மீன்பிடிப்பை மூடிவிட்டார்கள். இது என்ன நியாயம்?

பெரும்பாலும் இரண்டு காரணம். ஒன்று, நீங்கள் பார்க்கும் நிறைய மீனோடு எண்ணிக்கை குறைந்த வேறொரு கிளையாற்று மீனும் கலந்து ஏறிக்கொண்டிருக்கும். இன்னொன்று வெயில். நீர் 20 டிகிரி செல்சியஸைத் தொட்டால் சால்மனுக்கு மூச்சு முட்டும். அந்த நேரத்தில் பிடித்து விட்டால்கூடப் பிழைக்காது. 2015 கோடையில் கொலம்பியாவில் சுமார் இரண்டரை லட்சம் சாக்கை சூட்டிலேயே செத்தது. நியாயம் கேட்க வேண்டிய இடம் வேறு.

ஃப்ரேசருக்கு ஒரே லைசென்ஸ் போதுமா?

மிஷன் என்ற ஊரின் ரயில் பாலத்தை நினைவில் வையுங்கள். அதற்குக் கீழே கடல்நீர்க் கணக்கு, மேலே நன்னீர்க் கணக்கு. லைசென்ஸும் வேறு வேறு. ஓடும் படகில் பாலத்தைத் தாண்டினால் விதியும் மாறிவிடும்.

சினையிடும் காலம் நெருங்கி உடம்பு சிவந்துபோன சால்மனைச் சாப்பிடலாமா?

சாப்பிடலாம். ஒரு தடவை சாப்பிட்டால் மறு தடவை வேண்டும் என்று கேட்க மாட்டீர்கள். சிவப்பெல்லாம் சதையிலிருந்து தோலுக்கும் சினைக்கும் போய்விட்டிருக்கும்.