தம்பியின் மாற்றுத்திறனாளி சான்றிதழ்: 40 சதவீதம் கிடைக்காதபோது

மனச்சிதைவு நோயுடன் எட்டு ஆண்டுகளாக வாழும் உங்கள் தம்பி, மருத்துவக் குழுவின் முன் தெளிவாகப் பேசியதாலேயே, சலுகைகள் பலவற்றுக்கும் தேவையான 40 சதவீத இயலாமைக்குப் பதில் 30 சதவீதம் மட்டும் வழங்கப்பட்டது என எழுதியிருக்கிறீர்கள். படிக்கவே வருத்தமாக இருந்தது. மனநோயால் வரும் இயலாமையை மருத்துவக் குழு அளக்கப் பயன்படுத்தும் ‘ஐடியாஸ்’ (IDEAS) அளவுகோல் ஒருநாள் பேச்சை வைத்து முடிவு செய்வதற்கானதன்று. தன்னைப் பேணுதல், பிறருடன் பழகுதல், புரிந்துகொண்டு உரையாடுதல், வேலை ஆகிய நான்கிலும் அவர் எவ்வளவு தடுமாறுகிறார் என்பதை அளப்பதோடு, நோய் நீடித்த ஆண்டுகளுக்கும் அது மதிப்பெண் தருகிறது. ஆகவே முதலாம் ஆண்டு மருந்துச் சீட்டிலிருந்து எல்லாவற்றையும் திரட்டுங்கள். குளிக்க நினைவூட்ட வேண்டியிருப்பது, வேலையில் நிலைக்க முடியாதது போன்றவற்றைத் தேதியுடன் எழுதிவையுங்கள். இதையே நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 59ஆவது பிரிவில் மேல்முறையீட்டுக்கு வழி தருகிறது. மறுமதிப்பீட்டின்போது, அவருடன் வாழ்கிறவர் ஒருவர் உடனிருந்து பேசட்டும்.