உயிலில் கணக்கு எண்ணை எழுதாதீர்கள், பங்கை எழுதுங்கள்

கேள்வி: எனக்கு 74 வயது. ஓய்வுபெற்ற ஆசிரியர், கும்பகோணம். மனைவி இல்லை. என்னைக் கவனித்துக்கொள்வது மகள்தான். 14 லட்ச ரூபாய் டெபாசிட்டை மகளுக்கும், இன்னொரு வங்கியில் உள்ள 10 லட்சத்தை இளைய மகனுக்கும், சேமிப்புக் கணக்கில் உள்ள ஒன்றரை லட்சத்தை மூத்த மகனுக்கும் கணக்கு எண்களோடு உயில் எழுத நினைக்கிறேன். 14 லட்சத்துக்கு மூத்தவன்தான் நாமினி. வீடு கட்ட 2012இல் என்னிடம் 9 லட்சம் வாங்கியவன், இப்போது எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. நாளை அவன் தகராறு செய்தால் என் உயில் நிற்குமா?

பதில்: ஐயா, உங்கள் கடிதத்தில் மூன்று பக்கம் மூத்த மகனைப் பற்றியது. உயிலுக்கு அதில் வேண்டியது ஒரே வரிதான்: பணம் முழுவதும் உங்கள் சம்பளத்திலும் பணிக்கொடையிலும் சேர்ந்தது. சுய சம்பாத்தியம் என்பதால் யாருக்கு எவ்வளவு என்பது உங்கள் இஷ்டம். அந்த 9 லட்சத்துக்குப் பத்திரம் இல்லை. இருந்திருந்தாலும் கடனை வசூலிக்கும் மூன்று வருடக் காலக்கெடு எப்போதோ தாண்டிவிட்டது. அதை உயிலில் புகாராக எழுத வேண்டாம். 'வீடு கட்ட ஏற்கெனவே உதவியிருக்கிறேன், அதையும் மனதில் வைத்தே பங்கு பிரித்திருக்கிறேன்' என்று ஒரு வரி அமைதியாக எழுதுங்கள். கோபத்தில் எழுதிய உயிலைப் பார்த்ததும், 'அப்பா சுயநினைவில் எழுதவில்லை, தங்கை சொல்லி எழுதினார்' என்று எதிர்த்தரப்பு ஆரம்பித்துவிடும்.

நீங்கள் பயப்பட வேண்டியது மகனைப் பார்த்து அல்ல, அந்தக் கணக்கு எண்களைப் பார்த்து. உயில் பேசுவது நீங்கள் இறக்கும் நாளில். கணக்கு எண் இன்றைய தேதிக்கு. இடையில் பத்து வருடம் ஓடலாம். 'இந்த எண்ணுள்ள டெபாசிட் மகளுக்கு' என்று எழுதிவிட்டு, அது முதிர்ந்ததும் வட்டி கூடுதலாகத் தரும் வேறு வங்கியில் போடுகிறீர்கள் என்று வையுங்கள். இறக்கும்போது அந்தக் குறிப்பிட்ட சொத்து உங்களிடம் இல்லை என்றால், அதை எழுதிக் கொடுத்ததும் செல்லாமல் போகும். இந்திய வாரிசுரிமைச் சட்டம் 1925, பிரிவு 152 சொல்வது இதைத்தான். வங்கிகள் இணைந்து எண் மாறினால் அது சட்டத்தின் போக்கில் வந்த மாற்றம், பிரிவு 163 காப்பாற்றும். நீங்களே கையெழுத்துப் போட்டு எடுத்த பணத்துக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது.

இதில் ஒரு குடும்பம் மாட்டியதை நான் கூடவே இருந்து பார்த்தேன். அப்பா மகளுக்கு ஒரு டெபாசிட், மகனுக்கு ஒரு டெபாசிட் என்று எண்ணோடு எழுதியிருந்தார். கடைசிக் காலத்தில் ஆஸ்பத்திரிச் செலவுக்கு ஒன்றை உடைக்க வேண்டியிருந்தது. வங்கி வேலைகளை மகன்தான் பார்த்துக்கொண்டார். உடைந்தது மகளுடையது. மீதிப் பணம் சேமிப்புக் கணக்குக்குப் போனது, அந்தக் கணக்கு உயிலிலேயே இல்லை. மகன் வேண்டுமென்றே செய்தாரா என்பது கடைசிவரை தெரியவில்லை. அந்த மகள்தான் என் கட்சிக்காரர், நான் அவருடைய வக்கீல். ஆறு வருடம் அலைந்து, சமரச மையத்தில் பாதிக்குச் சம்மதித்தார். அண்ணன் வீட்டுக் கல்யாணத்துக்குக்கூட அவர் போகவில்லை. பணத்தைவிட அதுதான் எனக்கு இன்றும் உறுத்துகிறது.

ஆகவே இப்படி எழுதுங்கள்: 'நான் இறக்கும் நாளில் எந்த வங்கியிலும் தபால் நிலையத்திலும் என் பெயரில் உள்ள எல்லாப் பணமும், வட்டியும் சேர்த்து, மகளுக்கு 50 சதவீதம், இளைய மகனுக்கு 35, மூத்த மகனுக்கு 15.' இதில் எது உடைந்தாலும் மூவருக்கும் ஒரே விகிதத்தில்தான் குறையும். அப்புறம், உயிலில் சொல்லாமல் விட்ட எந்தச் சொத்தும் யாருக்குப் போக வேண்டும் என்று ஒரு வரி. இதை விட்டுவிட்டால் விடுபட்டது மூவருக்கும் சமமாகப் பிரியும். கணக்கு எண் பட்டியல் தேவைதான், ஆனால் உயிலுக்குள் அல்ல. தனித் தாளில் எழுதி வருடா வருடம் திருத்தி, மகளுக்குத் தெரிந்த இடத்தில் வையுங்கள். பத்து வருடம் யாரும் தொடாத டெபாசிட் ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போய்விடும். உரிமை போகாது, கேட்டு வாங்கலாம். ஆனால் இருப்பதே தெரியாமல் யார் கேட்பது?

அடுத்தது நாமினி. நாமினி பணத்தை வாங்கிக்கொள்ளும் ஆள்தான், சொந்தக்காரர் அல்ல. வங்கி டெபாசிட் விஷயத்தில் உச்ச நீதிமன்றம் 2010இல் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. 'சரி, உயில்தான் ஜெயிக்கும்' என்று நிம்மதியாக உட்காராதீர்கள். வங்கி 14 லட்சத்தையும் மூத்தவர் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும், சட்டம் அதற்கு இடம் கொடுக்கிறது. அவர் செலவழித்துவிட்டால் உங்கள் மகள் சிவில் வழக்குப் போட்டு, கட்டணம் கட்டி, தீர்ப்பாணை (டிக்ரி) வாங்கி, அதை நிறைவேற்றவும் அலைய வேண்டும். வழக்கில் மகள் ஜெயிப்பார். பணம் கைக்கு வருமா என்பது வேறு கேள்வி. 2025 நவம்பர் 1 முதல் ஒரு டெபாசிட்டுக்கு நான்கு பேர்வரை, ஒவ்வொருவருக்கும் இத்தனை சதவீதம் என்று நாமினி போடலாம். உயிலில் உள்ள அதே சதவீதத்தை எல்லா வங்கியிலும் கொடுங்கள்.

மூத்தவருக்கு நான் 15 சதவீதம் போட்டது உங்களுக்குக் கசக்கும். மொத்தம் இருபத்தைந்தரை லட்சத்தில் அது நாலு லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. நீங்கள் நினைத்ததைவிட சுமார் இரண்டே கால் லட்சம் அதிகம். இன்னும் குறைக்கச் சட்டம் தடுக்கவில்லை, ஆனால் குறைக்காதீர்கள். வழக்குப் போடும் மனது அவருக்கு வராமல் இருக்க நீங்கள் கொடுக்கும் விலை அது. முடிந்தால் அவரைக் கூப்பிட்டு, பங்கை நேரிலேயே சொல்லிவிடுங்கள்.

முதல் வேலை உயில் அல்ல. இந்த வாரமே பாஸ்புக்கோடு வங்கிக்குப் போய், 14 லட்சத்தின் நாமினியை மாற்றி, மாற்றியதற்கு எழுத்தில் ஒப்புகை வாங்குங்கள். உயிலுக்கு உங்கள் பிள்ளைகளோ மருமக்களோ அல்லாத, உங்களைவிட வயது குறைந்த இரண்டு பேரைச் சாட்சியாகப் பிடியுங்கள்.